கையெழுத்து நாள்

நாற்காலி உரசி உரசி விழுந்த கோடு அது. இடுப்பு உயரத்தில், சுவரின் பழைய பால்வெள்ளையைக் கிழித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பட்டிப் பூச்சு தெரிகிற அளவுக்கு ஆழமாகப் போயிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் அப்படி ஒரு கோடும் இல்லை. கேள்வி கேட்கிறவர்கள் உட்காரும் பக்கம் அது, தாராளமான இடம், சாய்ந்துகொள்ளலாம், காலை நீட்டிக்கொள்ளலாம், வேண்டுமானால் ஒரு சுற்றுச் சுற்றி ஜன்னலையும் பார்க்கலாம். பதில் சொல்கிறவனுக்குத்தான் சுவரோடு ஒட்டிய ஒடுக்கமான இடம், அவன் எழுந்து "தேங்க்யூ சார்" என்று சொல்லும்போது நாற்காலி பின்னால் போய் இடிக்கும், எத்தனை பேர் தேங்க்யூ சொல்லியிருந்தால் கோடு இவ்வளவு ஆழமாக விழும் என்று பட்டி பூசும் தகடும் கையுமாக நின்று நினைத்தான் அமலரூபன். இவனும் சொன்னவன்தான். போன வருஷம் ஆடி மாதம், இதே அறையில், இதே சுவரில் இவன் நாற்காலியும் இடித்தது, இடித்த சத்தத்துக்கு "சாரி சார்" என்று வேறு சொல்லிவைத்தான். வேலைக்கு வந்தவன் சுவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான், இப்போது அதே சுவருக்கு மருந்து போட வந்திருக்கிறான், இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காலையில் வேன் இந்தக் கட்டடத்துக்குள் திரும்பியபோதே சூசை அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. வண்ணம் பூசும் வேலைகளுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி அவர், இவர்களுடைய அகதி முகாமில் இவன் வீட்டுக்கு அடுத்த வரிசை. "டேய் ரூபன், இந்தக் கொம்பனிதான் எண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது. உனக்கு ஏலாதெண்டா நீ வராந்தாவைப் பார், அந்த அறையை நான் பாக்கிறன்" என்றார். இவன் இல்லை, நானே பார்க்கிறேன் என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று இவனுக்கே தெரியவில்லை. புண்ணைச் சொறிந்துகொள்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

சனிக்கிழமை என்பதால் ஆபீசில் ஆள் இல்லை. ஏசியை நிறுத்தியிருந்தார்கள், பெயின்ட் அடிக்கிறவனுக்கு எதற்குக் குளிர், இன்டர்வியூ அன்றைக்கு மட்டும் எவ்வளவு குளிர். பட்டியைக் கோட்டின் மேல் வைத்து இழுத்தான், தகடு சீராகப் போயிற்று, கை பழகிவிட்டது, பழகிவிட்டது என்பதே எரிச்சலாக இருந்தது. முகாமில் பி.இ. படித்தவனும் பெயின்ட் அடிக்கிறான், பி.காம். படித்தவனும் பெயின்ட் அடிக்கிறான், எட்டாம் வகுப்போடு நின்றவனும் பெயின்ட் அடிக்கிறான். நின்றவன் பல வருஷம் முந்தியே சாரத்தில் ஏறிவிட்டதால் அவனுக்குக் கை சுத்தம், அவன் படித்தவனைப் பார்த்து, "என்ன இன்ஜினியர், ஓரக் கட்டிங்கில கோணல் விழுது" என்று கேலி பேசுகிறான், பேசட்டும், அவன் சொல்வதில் என்ன தப்பு. சட்டைப்பையில் கைபேசி நெஞ்சோடு சூடாகக் கிடந்தது. தங்கை விதுஷா எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவாள். மதியத்துக்குள் சொல்லவேண்டும். அவளுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் இடம் வந்திருக்கிறது, நல்ல காலேஜ், இவன் படித்ததைவிட நல்ல காலேஜ், இன்றைக்குள் ஆன்லைனில் சரி என்று போட்டால் இடம் அவளுக்கு, போடாவிட்டால் அடுத்தவளுக்கு. "நீ சொல்லு அண்ணா, நீ சொல்றதுதான்" என்றாள் நேற்று, வாசலில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு. அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு வீட்டில் எல்லா முடிவும் இவன் தலைக்கு வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள், "உன்னைப் படிப்பிச்சு என்னத்தைக் கண்டம்? அவளாவது நேரத்தோட தையல் கொம்பனிக்குப் போகட்டும். படிச்சுப்போட்டு வீட்டில குந்திக்கொண்டிருந்தா இன்னும் வயித்தெரிச்சல்." அம்மா சொன்னதில் இவனைக் குத்தவேண்டும் என்ற எண்ணம் இல்லை, அதனால்தான் அது அப்படிக் குத்தியது.

பட்டி காய்ந்ததும் உப்புத்தாளை மடித்துக் கோட்டைத் தேய்த்தான். வெள்ளைத் தூள் கண்ணில் விழுந்தது. தேய்க்கத் தேய்க்க அந்த நாள் மேலே வந்தது, மூன்று பேர் அந்தப் பக்கம், நடுவில் இளங்கோவன் சார், ஒரு பக்கம் அர்ச்சனா மேடம், இன்னொரு பக்கம் கணினிக் கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள், நன்றாகத்தானே ஆட்டினார், "வெரி குட்" என்று இரண்டு தரம் சொன்னாரே, அது பொய்யா. எழுத்துத் தேர்வில் தேறி, பிறகு கணினியில் உட்கார்ந்து செய்யச் சொன்னதையும் செய்து, கடைசிச் சுற்று அது, சும்மா முகம் பார்க்கிற சுற்று என்று வெளியே உட்கார்ந்திருந்த பையன்கள் சொன்னார்கள். இவன் பேசினதும் இந்த ஊர்ப் பேச்சுத்தான். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலேயே "ஆமா"வுக்குப் பதில் "ஓம்" என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்ததிலிருந்து முகாமின் கம்பிவேலியைத் தாண்டினால் ஒரு பேச்சு, உள்ளே வந்தால் ஒரு பேச்சு, செருப்பைக் கழற்றுவது மாதிரி கழற்றி மாட்டிக்கொள்ளப் பழகியிருந்தான். அன்றைக்கு ஒரு சொல் தவறவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது. இளங்கோவன் சார் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஓகே அமல், எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார். அவ்வளவுதான். இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். டீம் எத்தனை பேர் சார், டிரெய்னிங் எங்கே சார் என்று மற்ற பையன்கள் கேட்கிற மாதிரி எதையாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம். இவன் என்ன கேட்டான்? வெட்கமில்லாமல், பயமில்லாமல், ரேஷன் கடையில் கேட்கிற மாதிரி இயல்பாகக் கேட்டான்: "சார், மாசத்துல ஒரு நாள் கையெழுத்துப் போடப் போகணும். அன்னைக்கு மட்டும் லீவு கிடைக்குமா?"

என்ன கையெழுத்து என்று அர்ச்சனா மேடம் கேட்டாள். இளங்கோவன் சார் சிரித்துவிட்டார், "கையெழுத்தா? ஸ்டேஷன்லயா? என்னப்பா, கண்டிஷன் பெயில்ல ஏதும் வந்திருக்கியா?" மூன்று பேரும் சிரித்தார்கள், இவனும் கூடச் சிரித்தான், ஐயோ, சிரித்தானே. இல்லை சார், செக்கிங் சார், முகாமில் மாதத்துக்கு ஒரு நாள் அதிகாரி மேசை போட்டு உட்காருவார், குடும்பத்தில் எல்லோரும் வரிசையில் நின்று முகம் காட்டிக் கையெழுத்துப் போடவேண்டும், ஆள் இல்லை என்றால் பதிவிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள், அதற்காகத்தான் சார், என்று இவன் விளக்கிச் சொல்லச் சொல்ல மேசைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. கேஸ் இருக்கிறவன் என்றால்கூட எந்தக் கேஸ் என்று கேட்டிருப்பார்கள். அகதி என்றதும் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பிறகு இளங்கோவன் சார் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது, "தம்பி, நாங்கல்லாம் யாரு தெரியுமா? உங்களுக்காகக் காலேஜ்ல கிளாஸைப் பகிஷ்கரிச்சுட்டு ரோட்டுல உட்கார்ந்தவங்க. உண்ணாவிரதம் இருந்தவங்க. நீங்க எங்க தொப்புள்கொடி உறவு" என்றார். கண் கலங்கியது அவருக்கு, பொய் இல்லை, உண்மையாகவே கலங்கியது. இவன் நன்றி சார் என்று எழுந்தான், நாற்காலி இடித்தது, சாரி சார். கண் கலங்கினவர் வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று முட்டாள்தனமாக நம்பி, பேருந்து நிலையத்தில் அம்மாவுக்கு ஒரு கிலோ ஆப்பிள் வேறு வாங்கிப்போனான்.

ஏன் கேட்டேன், ஏன் கேட்டேன், உப்புத்தாள் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, வேண்டிய அளவுக்கு மேலேயே தேய்ந்துவிட்டது. ஒரு வருஷமாக இதே கேள்வியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். குளிக்கும்போது, சாப்பிடும்போது, பிறத்தியார் வீட்டுக் கழிவறைக்கு வண்ணம் பூசும்போது, திடீரென்று அந்த வாக்கியம் தன் குரலிலேயே கேட்கும், உடனே பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். வேறு எந்தப் பையனுக்கும் வராத கேள்வி. முகாமில் பிறந்தவனுக்கு மட்டும்தான் அனுமதி கேட்பது மூச்சு விடுவது மாதிரி வரும். அத்தை வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்க வேண்டுமா, கேள். ஆஸ்பத்திரியில் அப்பாவோடு படுக்க வேண்டுமா, கேள், திரும்பி வந்தால் வந்துவிட்டேன் என்று சொல். பள்ளிச் சுற்றுலாவுக்கு மகாபலிபுரம் போனபோது எல்லாப் பிள்ளைகளும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வந்தார்கள், இவனுக்கு மட்டும் அப்பாவின் கையெழுத்துக்கு மேல் முகாம் அதிகாரியின் கையெழுத்தும் வேண்டியிருந்தது, அது மற்றப் பிள்ளைகள் போய் வந்த பிறகுதான் கிடைத்தது. செக்கிங் அன்றைக்குக் காய்ச்சல் என்றாலும் போர்வையோடு கொண்டுபோய் நிறுத்துவாள் அம்மா. அப்படி வளர்த்த உடம்பு, நல்ல வேலை கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில், முதல் காரியமாக, அந்த நாளுக்கு அனுமதி கேட்டுவிட்டது. பயத்தில் கேட்கவில்லை. வேலையில் ஒழுங்காக இருக்கவேண்டும், சொல்லாமல் லீவு போடக்கூடாது என்ற நினைப்பில் கேட்டான். இவ்வளவு யோக்கியனாக ஒருத்தன் இருக்கலாமா?

சூசை அண்ணன் பக்கத்து அறையிலிருந்து, "முதல் பூச்சுக்குப் பிரைமர் கலக்கட்டே?" என்று குரல் கொடுத்தார். "ஓம் அண்ணை, கலக்குங்கோ" என்றான். ஓம் என்ற சொல் அந்த அறைக்குள் போய் மேசை மேல் விழுந்த மாதிரி இருந்தது. இன்னொரு தரம் சொல்லவேண்டும் போல இருந்தது. ஓம். ஓமோம். அன்றைக்கு இந்தச் சொல்லை எத்தனை தரம் விழுங்கினான். சரி, கேட்காமலே இருந்திருந்தால்? இதுதான் இவன் ஒரு வருஷமாக யோசிக்காமல் தள்ளிவைத்த இடம், இன்றைக்குச் சுவர் முன்னால் நிற்கும்போது தள்ள முடியவில்லை. கேட்காமல் இருந்திருந்தாலும் அடுத்த வாரம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டிருப்பார்கள். இல்லை என்றால் ஏன் இல்லை, ஆதாரில் இருக்கும் முகவரி என்ன முகவரி, அப்பா எந்த ஊர். ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். அர்ச்சனா மேடம் போனில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது, "உங்க பெர்ஃபார்மன்ஸ்ல ஒரு குறையும் இல்லை அமல், கிளையன்ட் பாலிசி அப்படி, எங்க கையில எதுவும் இல்லை." கையில் ஒன்றும் இல்லையாம். வேலை கொடுக்கிற கை, கையெழுத்துப் போடுகிற கை, அதில் ஒன்றும் இல்லையாம். அதற்கப்புறம் போன இடங்களில் வாயைத் திறக்கவில்லையே இவன், ஒரு கம்பெனியில் முகவரியைப் பார்த்ததும் "லோக்கல் ஆளா எடுக்கிறோம்" என்றார்கள். இந்த ஜில்லா ஆஸ்பத்திரியில் பிறந்து, இந்த ஜில்லாவைத் தாண்டாமல் படித்தவன் லோக்கல் இல்லை, நேற்று வேறு மாநிலத்திலிருந்து வந்து இறங்கினவன் லோக்கல். இன்னொரு இடத்தில், "உங்களுக்கு எதுக்கு சார் வேலை, அரசாங்கம்தான் எல்லாம் குடுக்குதே" என்றான் ஒருத்தன், இவன் வயதுகூட இருக்காது அவனுக்கு. தொப்புள்கொடி உறவு. உறவு என்றால் வீட்டுக்குள் கூப்பிடவேண்டும். மேடையில் ஏற்றி அழுவதற்கு ஒரு உறவு, நாற்காலி கொடுப்பதற்கு வேறு உறவு. செத்தவனுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள், உயிரோடு வந்து நிற்கிறவனிடம் பாஸ்போர்ட் கேட்பார்கள். எங்களுக்காகப் பட்டினி கிடந்தீர்களா, கிடந்திருப்பீர்கள், இல்லை என்று சொல்லவில்லை, நான் உங்களை எனக்காகப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லையே, நான் தேறின பரீட்சைக்கு உரிய வேலையைத்தானே கேட்டேன். ரோலரை முக்கி எடுத்த வேகத்தில் பிரைமர் தரையில் சொட்டியது. துணியை எடுத்துத் துடைத்தான். ஒரு வருஷமும் தன் மேலேயே காறித் துப்பிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று தோன்றியபோது கோபம் இன்னும் அதிகமாயிற்று.

விதுவிடம் என்ன சொல்வது? படி என்று சொன்னால் நாலு வருஷம். நாலு வருஷம் கழித்து இப்படி ஒரு அறையில், ஒடுக்கமான பக்கத்தில், ரெட்டை ஜடையை விட்டுக் கொண்டை போட்டுக்கொண்டு அவள் உட்காருவாள். இவனைவிடக் கெட்டிக்காரி, கணக்கில் புலி, இவன் கடைசி வருஷத்துப் பாடங்களை அவள் பதினொன்றாம் வகுப்பில் எட்டிப் பார்த்து, "இதில பிழை இருக்கு அண்ணா" என்றவள். அவளையும் சிரித்து, கண் கலங்கி, அனுப்புவார்கள். அவளும் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பாள். ஆம்பிளைக்குச் சாரம் இருக்கிறது, ஏறிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அவளுக்கு என்ன இருக்கிறது, நாலு வருஷம் தள்ளி அதே தையல் கம்பெனி, அங்கேயும், "என்ன இன்ஜினியர், பட்டன் கோணல்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு. இன்றைக்கு அழுவாள், ஒரு வாரம் பேசமாட்டாள், பிறகு சரியாகிவிடும். அம்மாவுக்கும் நிம்மதி. வேண்டாம் விது, உனக்கு ஏலாது என்பதால் இல்லை, அவர்கள் எடுக்கமாட்டார்கள். அவர்கள் எடுக்கமாட்டார்கள், அதனால் நான் எடுக்கவில்லை. இந்த இடத்தில் ரோலர் நின்றது. இளங்கோவன் சாரின் நாற்காலி எதிரே காலியாக இருந்தது. அதில் இப்போது, நினைப்பில், இவன் உட்கார்ந்திருக்கிறான், விது இந்தப் பக்கம், ஒடுக்கத்தில், கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு. உன் மேல் ஒரு குறையும் இல்லை விதுஷா, என் கையில் எதுவும் இல்லை. அப்படித்தானே சொல்லப் பார்க்கிறான்? அதே சொற்கள். அவர்கள் நாலு வருஷம் கழித்துச் செய்யப்போவதை இவன் இன்றைக்கே, சம்பளம் இல்லாமல், அண்ணன் என்ற பேரில் செய்துமுடிக்கப் பார்க்கிறான். தூ என்று சத்தமாகவே சொன்னான்.

கதவு திறந்தது. அர்ச்சனா மேடம். சனிக்கிழமை என்பதால் ஜீன்ஸ் போட்டிருந்தாள், கையில் கார் சாவி. மேசை இழுப்பறையிலிருந்து எதையோ எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணா, இந்த ஸ்மெல் மண்டேக்குள்ள போயிடுமா? காலைல இன்டர்வியூ இருக்கு, கேண்டிடேட்ஸ் வருவாங்க."

"ஜன்னலைத் திறந்து வச்சாப் போயிடும் மேடம்."

குரல் எங்கேயோ கேட்ட மாதிரி பட்டிருக்கவேண்டும். திரும்பிப் பார்த்தாள். தலையில் கட்டிய துணி, புருவமெல்லாம் வெள்ளைத் தூள்.

"உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

"இங்கதான் மேடம். அந்தச் சேர்ல உட்கார்ந்திருந்தேன். போன ஆடியில."

அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முகம் சிவந்தது. "ஓ... அமல்" என்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல், யாரையும் வழியில் பார்த்தால் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டுவைத்தாள். "இப்ப என்ன பண்றீங்க?"

இவன் கையில் இருந்த ரோலரைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் நெஞ்சில் கைபேசி அதிர்ந்தது. கையெல்லாம் பிரைமர் என்பதால், இரண்டு விரலால் இழுத்து மேசையில் போட்டு, எப்போதும் செய்வது போல முழங்கை நுனியால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா..." விதுஷாவின் குரல் அறை முழுக்க வந்தது. "அம்மா கேக்கிறா. என்ன சொல்ல?"

அர்ச்சனா மேடம் போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை, இழுப்பறையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இருக்கட்டும். இவன் இந்த ஊர்ப் பேச்சைத் தேடவில்லை, அது வரவும் இல்லை.

"சேர் விது. கம்ப்யூட்டருக்கே சேர். இப்பவே சரி போடு."

"உண்மையாவே? அம்மா..."

"அம்மாவோட நான் கதைக்கிறன். பிறகு உன்னை வேலைக்கு எடுக்கமாட்டினமோ எண்டு யோசிக்காதே. மாட்டம் எண்டு சொல்றதெண்டா அவங்களே உன்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அவங்கட வேலையை நான் செய்யமாட்டன்."

அந்தப் பக்கம் அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் ஒரு சத்தம் வந்தது. அம்மா ஏதோ கேட்பதும், விது பொறு பொறு என்பதும் கேட்டது. பிறகு, எதையோ மறந்துபோய் நினைத்துக்கொண்ட அவசரத்தில், அவள் கேட்டாள்:

"அண்ணா, அண்ணா, வைச்சிடாதே. காலேஜில செக்கிங் அண்டைக்கு லீவு தருவினமோ? முதல் நாளே கேக்கட்டா? இல்லாட்டிக் கேக்காம விடவா?"

அமலரூபன் கைபேசி மேல் குனிந்தான். கேட்காதே, செத்தாலும் கேட்காதே என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு வருஷமாக அவளுக்கென்று சேர்த்துவைத்திருந்த ஒரே புத்தி அதுதான். தலையைத் தூக்கினான். அர்ச்சனா மேடம் இவனைப் பார்க்கவில்லை, கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி இதே மேசையில் அவள் காதில் முன்பே ஒரு தரம் விழுந்திருக்கிறது.

"கேள்" என்றான். "முதல் நாளே கேள். சத்தமாக் கேள். கேக்கிறதில ஒரு பிழையும் இல்லை விது."

"சரி அண்ணா."

கைபேசி அணைந்தது. மேசையில் அது கிடந்த இடத்தில் கொஞ்சம் பிரைமர் ஒட்டியிருந்தது. அர்ச்சனா மேடம் எடுக்க வந்ததை எடுக்காமலே இழுப்பறையை மூடினாள், வந்த வழியே வெளியே போனாள். இவன் மேசையைத் துடைத்தான். நாற்காலிக் கோடு இருந்த இடத்தில் பிரைமர் காய்ந்துவிட்டிருந்தது. திங்கட்கிழமை வருகிறவன் எழுந்து நிற்கும்போது மறுபடியும் அங்கே இடிக்கும். இவன் மேசையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே தள்ளாக, கேள்வி கேட்கிறவர்களின் பக்கத்துச் சுவரை நோக்கித் தள்ளினான்.